பெரிய வண்டியா, நடுத்தர வண்டியா?

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்’ என்பது நம்மவர் பழமொழி. இன்று அதனோடு ‘காரை வாங்கிப்பார்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். வீடு கட்டியவனுக்கு நிலத்தின் மதிப்பாவது ஏறும். கார் வாங்கியவனுக்கோ, வண்டி கடையை விட்டு வெளியே வந்த நாள்தொட்டு அதன் மதிப்பு இறங்கிக்கொண்டே வரும். ஆயினும் ஆராய்ந்து வாங்குவோர் சிலரே. அடுத்த வீட்டைப் பார்த்து வாங்குவோரே பலர். எதை ஆராய்வது, எவ்வாறு ஆராய்வது என்பதைப் பள்ளியில் நாம் படித்த பௌதிகமே சொல்லித் தரும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது எங்கள் வீட்டில் எழுந்த வழக்கு ஒன்று. எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தில் சேர்ந்த ஊர். ஆயினும் வீட்டிலும் சந்தையிலும் தமிழ் ஒலிக்கும் ஊர். கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும், வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கும், சித்தூர் வழியாகப் பாலக்காட்டுக்கும் செல்லலாம். மருத்துவர், துணிக்கடை, உறவினர் வீடு, குலதெய்வம் யாவும் இம்மூன்று வழிகளுள் ஏதேனும் ஒன்றில் இருப்பன. ஆகவே வண்டி எங்களுக்கு வெறும் ஆடம்பரம் அன்று.

வீட்டில் இருப்போர் அறுவர்: அப்பத்தா, அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று வயதுக் குழந்தை. நான் படிப்பின் பொருட்டு ஊரை விட்டு இங்கு வந்திருப்பவன். பழைய கார் தேய்ந்துவிட்டது. ‘ஏழு பேர் ஏறும் பெரிய வண்டியே வேண்டும், நாலு பேர் முன்னால் மதிப்பாக இருக்கும்’ என்பது அண்ணன் கட்சி. ‘நடுத்தர வண்டி போதும், தோப்பின்மேல் கடன் வாங்க நான் இசையேன்’ என்பது அம்மா கட்சி. அப்பா இரு கட்சிக்கும் தலையாட்டுவார். ‘நீதான் பௌதிகம் படிக்கிறாயே, நீயே சொல்’ என்று வழக்கை என்னிடம் தள்ளிவிட்டனர்.

மழை மறைவில் கிடக்கும் எங்கள் பகுதியில் தென்னந்தோப்பே எங்கள் குடும்பத்தின் முதல். ஆளியாற்று நீர் குறைந்தால் காய் குறையும். காய் குறைந்தாலும் கடன் தவணை குறையாது. எனவே இதற்கு விளையாட்டாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியவில்லை. காகிதமும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்டேன். அக்கணக்கையே உங்கள் முன் வைக்கிறேன்.

பெயரை விட்டு அளவைப் பார்

‘எஸ்.யூ.வி.’ என்னும் மூன்றெழுத்து இன்று தெருவெங்கும் ஒலிக்கிறது. இது ஜீப்பின் வழித்தோன்றல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு உழைத்த வில்லிஸ் ஜீப்பை, 1940களின் பிற்பகுதியில் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் கோத்து விற்கத் தொடங்கினர். மலைநாட்டு மக்கள் அதனைத் தங்கள் வண்டியாகவே ஏற்றுக்கொண்டனர்.

ஆனால் இன்று எஸ்.யூ.வி. என்று விற்கப்படுவன எல்லாம் ஜீப் அல்ல. டொயோட்டா ஃபார்ச்சூனர், மகிந்திரா ஸ்கார்ப்பியோ-என் போன்றவற்றில், பழைய ஜீப்பைப் போலவே, ஏணி வடிவான இரும்புச் சட்டம் ஒன்று அடியில் இருக்கும். உடற்கூடு அதன்மேல் தனியே பொருத்தப்படும். ஹூண்டாய் கிரெட்டாவிலும் இன்றைய டாடா சஃபாரியிலும் சட்டமும் கூடும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டவை. முன்னது முரட்டுப் பாதைக்கு உறுதி. பின்னதில் எடையும் குலுக்கலும் குறைவு. சஃபாரி பெரிய வண்டியே. ஆயினும் அதன் எஞ்சின் முன்சக்கரங்களை மட்டுமே சுழற்றும். இடுக்கியில் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கற்பாதையில் இன்றும் ஜீப்புகளே ஏறுகின்றன. பெரிய வண்டி வேறு, மலை வண்டி வேறு என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

‘பெரியது’, ‘நடுத்தரம்’ என்னும் பெயர்களும் நாட்டுக்கு நாடு மாறுவன. அமெரிக்கர் பெரியது என்று கூறும் செவர்லே டாஹோவின் நீளம் ஏறத்தாழ 5.35 மீட்டர். அவர்கள் நடுத்தரம் என்று கூறும் டொயோட்டா ஹைலாண்டர் ஏறத்தாழ 4.95 மீட்டர். நாம் ‘பெரியது’ என்று வியக்கும் ஃபார்ச்சூனர் 4.795 மீட்டர், சஃபாரி 4.668 மீட்டர். அவர்களுடைய நடுத்தரத்தைவிட நம் பெரியது சிறியதாகிவிட்டது! நம் நாட்டு நடுத்தர வண்டிகளான கிரெட்டா 4.33 மீட்டர், மாருதி கிராண்ட் விட்டாரா 4.345 மீட்டர். விளம்பரத்தில் உள்ள பெயர் எதனையும் தீர்மானிக்காது. நீளம், அகலம், உயரம், எடை என்னும் நான்கு எண்களே தீர்மானிக்கும்.

எடை என்னும் கடன்

முதலில் எடையைக் காண்போம். நம் நாட்டு நடுத்தர வண்டி ஏறத்தாழ 1300 கிலோகிராம் இருக்கும். பெரிய வண்டி 1800 முதல் 2100 கிலோகிராம் வரை இருக்கும். வேறுபாட்டை 600 கிலோகிராம் என்று கொள்வோம். எட்டுப் பேரின் எடையை எந்நேரமும் உடன் சுமந்து செல்வதற்கு இது ஒப்பாகும்.

சமவெளியிலிருந்து ஆளியாறு வழியாக 40 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்குச் செல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கின் எளிமைக்காக ஏற்றத்தை 1000 மீட்டர் என்று கொள்வோம். கூடுதலான 600 கிலோகிராமை அவ்வுயரத்துக்குத் தூக்க வேண்டிய ஆற்றல் 600 × 9.8 × 1000. அதாவது ஏறத்தாழ 59 இலட்சம் ஜூல். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 360 இலட்சம் ஜூல் உள்ளது. எஞ்சின் அதில் பத்தில் மூன்று பங்கையே வேலையாக மாற்றும் என்று கொண்டால் நமக்குக் கிடைப்பது 108 இலட்சம் ஜூல். ஆகவே அக்கூடுதல் எடை மலையேறுவதற்கு மட்டும் அரை லிட்டருக்குச் சற்று அதிகமான டீசலை உண்ணும்.

‘இவ்வளவுதானா?’ என்று அண்ணன் மகிழ்ந்தார். ஏறியவன் இறங்க வேண்டுமன்றோ? மேலே சேர்த்த ஆற்றல் முழுவதையும் இறங்கும்போது எங்கேனும் கழித்தாக வேண்டும். 1300 கிலோகிராம் வண்டி 1000 மீட்டர் இறங்கும்போது விடும் ஆற்றல், அறைச்சூட்டில் உள்ள 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். 2000 கிலோகிராம் வண்டிக்கு அது 60 லிட்டரைத் தாண்டும். அதனை முழுதும் பிரேக்கிடமே விட்டால் பிரேக் காய்ந்து, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைப்பாதை ஓட்டுநர் சொல்வது இதனாலேதான். எந்த வண்டிக்கும் இவ்விதி பொருந்தும். எடை மிகுந்த வண்டிக்கு மிகுதியாகப் பொருந்தும்.

பெரிய வண்டியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். கிரெட்டாவின் சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் தரும் முறுக்கு விசை 144 நியூட்டன் மீட்டர். அதன் டீசல் எஞ்சினில் 250. சஃபாரியின் டீசலில் 350; ஃபார்ச்சூனரின் தானியங்கிக் கியர் வகையில் 500. ஆள் நிறைந்து, மூட்டை நிறைந்து, அடிக்கடி மலையேறுவோருக்குப் பெரிய டீசல் வண்டி மூச்சிரைக்காமல் ஏறும். ஆண்டுக்கு ஒருமுறை மலையேறுவோர் அதற்காக ஆண்டு முழுதும் எடையைச் சுமக்க வேண்டுமா என்பதே கேள்வி.

காற்றும் பாதையும்

எங்கள் ஊருக்கே உரிய செய்தி ஒன்றுண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அகலத்தில் இடைவெளி விட்டு நிற்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அக்கணவாய் வழியே காற்று மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்ந்து வரும். உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வது அக்காற்றினாலேதான்.

காற்றின் தடை, வண்டியின் முகப்புப் பரப்பையும் காற்றுக்கு எதிரான வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. கிரெட்டாவின் அகலத்தை உயரத்தால் பெருக்கினால் 2.93 சதுர மீட்டர், சஃபாரிக்கு 3.45. வடிவ நேர்த்தி ஒன்றே என்று கொண்டால், பெரிய வண்டி 18 விழுக்காடு மிகுதியான தடையைத் தள்ள வேண்டும். ஆடியில் பாலக்காடு நோக்கி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், வண்டி உணரும் வேகம் 110. தடை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். வேலந்தாவளம் நோக்கி வடக்கே போகும்போதோ அதே காற்று பக்கவாட்டில் மோதும். உயர்ந்த பக்கச் சுவருடைய வண்டி அப்போது ஓரம் ஒதுங்கப் பார்க்கும். ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்க வேண்டும்.

பாதையின் அகலத்தையும் அளக்க வேண்டும். இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி ஒருவழித் தார்ப்பரப்பின் அகலம் 3.75 மீட்டர். சஃபாரியின் அகலம் 1.92 மீட்டர், இரண்டு சஃபாரிகள் எதிரெதிரே வந்தால் 3.84 மீட்டர். தார் போதாது, ஒன்று மண்ணில் இறங்கியே தீரவேண்டும். இரண்டு கிரெட்டாக்கள் வந்தால் 3.58 மீட்டர். பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காத கணக்கு இது. எனவே அவையும் ஒதுங்கத்தான் வேண்டும், ஆனால் சற்றே ஒதுங்கினால் போதும். வாய்க்காலை ஒட்டிச் செல்லும் எங்கள் தோப்புச் சாலைகளில் இந்த ஒரு சாண் அகலம் சிறிய செய்தி அன்று.

உயரம் தரும் நன்மையும் தீமையும்

உயர்ந்த இருக்கையில் அமர்ந்தால் சாலை நன்கு தெரியும். முழங்கால் வலியுள்ளோர் தாழ்ந்த காருக்குள் குனிந்து இறங்குவதைவிட இது எளிது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. நிற்பவரின் இடுப்பு மட்டத்தில் இருக்கை இருந்தால் திரும்பி அமர்ந்துவிடலாம். அதற்கு மேல் போனால் படியேற வேண்டும். அப்பத்தாவை இருவகை வண்டிக் கடைகளுக்கும் அழைத்துப் போகச் சொன்னேன். நடுத்தர வண்டியில் அவர் தாமே அமர்ந்துகொண்டார். பெரிய வண்டியில் மேலே பிடித்து இழுக்க ஒருவரும் கீழே தாங்க ஒருவரும் வேண்டியிருந்தது. முதியோர் உள்ள வீட்டார் அவரை ஏற்றிப் பார்க்காமல் பணம் கட்டலாகாது.

உயரம் கூடக் கூடக் கவிழும் இயல்பும் கூடும். இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை நிலைப்பு எண் எனலாம். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை வண்டிகளின் கவிழும் இயல்பை மதிப்பிட இதனைப் பயன்படுத்துகிறது. சக்கர இடையகலம் 1.6 மீட்டர், மைய உயரம் 0.65 மீட்டர் என்றால் அவ்வெண் 1.23. அதே அகலத்தில் மையம் 0.75 மீட்டருக்கு உயர்ந்தால் 1.07. எண் குறையக் குறைய ஆபத்து மிகும். பெரிய வண்டியில் அகலமும் கூடுவதால் இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும். கல்யாணச் சாமான்களைக் கூரைமேல் கட்டினால் எந்த வண்டியின் மையமும் மேலே ஏறிவிடும் என்பதையும் மறக்கலாகாது.

பெரிய வண்டி உள்ளிருப்போருக்குப் பாதுகாப்பு என்பது பொய்யன்று. 2000 கிலோகிராம் வண்டியும் 1300 கிலோகிராம் வண்டியும் நேருக்கு நேர் மோதினால், சிறிய வண்டியில் ஏற்படும் வேக மாற்றம் பெரியதில் ஏற்படுவதைப்போல் ஒன்றரை மடங்கு. ஆனால் அந்தப் பாதுகாப்பின் விலையைக் கொடுப்பவர் எதிரே வருபவர். எங்கள் சாலையில் எதிரே வருவோர் பெரும்பாலும் இருசக்கர வண்டிக்காரரும் சைக்கிள்காரரும் நடந்து செல்வோருமே. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வகம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் நடந்து செல்வோர்மீது மோதினால், 30 அங்குலத்துக்கு மேற்படாத சரிந்த முகப்புள்ள வண்டிகளைவிட உயிரிழப்பு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு மிகுதி.

நட்சத்திரங்களைப் பற்றியும் ஒரு சொல். பாரத் என்கேப் என்னும் நம் நாட்டு மோதல் சோதனை 2023 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் வண்டிகளுள் சஃபாரியும் ஒன்று. அச்சோதனையில் வண்டி ஒரு தடுப்பின்மீது மோதுகிறது. அது தன்னையொத்த எடையுள்ள வண்டியோடு மோதுவதற்கு ஒப்பாகும். எனவே ஒரே அளவான இரு வண்டிகளை ஒப்பிட நட்சத்திரம் உதவும். பெரியதையும் சிறியதையும் ஒப்பிட அதனை மட்டும் நம்பலாகாது.

ஆள் கணக்கு

இவ்வளவும் ஆராய்ந்தபின் எஞ்சுவது எளிய கேள்வி ஒன்று. வண்டியில் யார் யார், எத்தனை முறை ஏறுகிறார்கள்? இதனை நினைவிலிருந்து சொல்லத் தொடங்கினால் திருவிழா நாள்களே நினைவுக்கு வரும். ஆகவே ஒரு திங்கள் முழுதும் குறித்து வைக்குமாறு அண்ணியை வேண்டினேன். குறித்த பயணங்கள் 34. அவற்றுள் 21இல் ஏறியவர் ஒருவர் அல்லது இருவர். 11இல் மூவர் முதல் ஐவர் வரை. அறுவரும் ஏறியவை இரண்டே. ஒன்று பொள்ளாச்சிக் கல்யாணம், மற்றொன்று பழனி.

‘இரண்டே பயணந்தானே, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம்’ என்று அம்மா கூறினார். இதனை மட்டும் பௌதிகம் ஒப்பாது. குழந்தை 14 கிலோகிராம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றால், குழந்தையைப் பிடித்து நிறுத்தத் தேவையான விசை ஏறத்தாழ 200 கிலோகிராம் எடையைத் தூக்கும் விசைக்குச் சமம். எந்தத் தாயின் கைக்கும் அந்த வலு இல்லை. ஐந்து இருக்கை என்றால் ஐவரே.

அப்படியானால் அண்ணன் கட்சி வென்றதா? அதுவும் இல்லை. இருக்கையின் எண்ணிக்கை வண்டியின் பருமனைப் பொறுத்தது அன்று. கிரெட்டாவின் நீளம் 4330 மில்லிமீட்டர், ஐவர் அமரலாம். 2022இல் வெளிவந்த மாருதி எர்டிகாவின் நீளம் 4395 மில்லிமீட்டர், எழுவர் அமரலாம். நான்கு விரல் நீளத்தில் இருவருக்கு இடம்! முன்பின் அச்சுகளின் இடைவெளி 2610இலிருந்து 2740 மில்லிமீட்டராக நீண்டதும் பெட்டி வைக்கும் இடம் சுருங்கியதுமே இதன் மறைபொருள். கிரெட்டாவையே நீட்டி 2021இல் வந்த ஹூண்டாய் அல்கசார் 4.5 மீட்டர் நீளம், 1.79 மீட்டர் அகலம், மூன்று வரிசை. அகலத்தில் நடுத்தரம், இருக்கையில் பெரியது.

மூன்றாம் வரிசையில் யார் அமர்வது என்பதையும் முன்னரே முடிவு செய்யவேண்டும். அங்கு முழங்கால் உயர்ந்து நிற்கும், ஏறுவதும் கடினம். எங்கள் வீட்டில் அண்ணன் ஓட்ட, அப்பா முன்னே அமர்வார். நடுவரிசையில் அப்பத்தா, குழந்தைக்குரிய தனி இருக்கை, அம்மா. பின்வரிசைக்கு அண்ணி ஒருவரே, அவர் இசைந்துவிட்டார். மற்ற நாள்களில் அவ்வரிசையை மடக்கி வைத்தால் சந்தை மூட்டைக்கு இடமாகும்.

வரியையும் பார்ப்போம். 2025 செப்டம்பர் 22க்கு முன் நடுத்தர வண்டிக்கு ஜி.எஸ்.டி.யும் ஈட்டு வரியும் சேர்ந்து 45 விழுக்காடு, பெரிய எஸ்.யூ.வி.க்கு 50 விழுக்காடு. அந்நாள் முதல் நான்கு மீட்டரைத் தாண்டிய பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு ஒரே விகிதமாக 40 விழுக்காடு. விகிதம் ஒன்றானாலும் விலை பெரிதானால் வரித்தொகையும் பெரிது. கேரளத்துச் சாலை வரியோ விலை ஏற ஏற விகிதத்திலும் படிப்படியாக ஏறும். டயர், காப்பீடு, பழுதுச் செலவு யாவும் பெரிய வண்டிக்குப் பெரியனவே.

ஆகவே என் தீர்ப்பு இது: ஐவருக்குள் அடங்கும் குடும்பத்துக்கு நடுத்தர வண்டி. ஆறாமவர் உண்மையாகவே உடன் வருவாராயின், நடுத்தர அகலத்தில் மூன்று வரிசை வண்டி. எழுவரும் மூட்டையுமாக அடிக்கடி நெடும்பயணமோ மலைப்பயணமோ போவோருக்கே பெரிய வண்டி. அவர்கள் அதனை வாங்கினால் வீண் என்று எவரும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் இரண்டாவது வகையை ஏற்றுக்கொண்டனர். தோப்பின்மேல் கடன் இல்லை. அண்ணனுக்கு முழு மனநிறைவு இல்லை. எனினும் கணக்கில் பிழை காட்ட அவரால் இயலவில்லை.

நண்பர்களே! நம்முள் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள். நாளை நம் வீடுகளிலும் இத்தகைய வழக்குகள் எழும். படித்த பிள்ளை என்று நம்மைப் பார்த்துக் கேட்பார்கள். அப்போது விளம்பரத்தைத் திருப்பிச் சொல்லாமல், ஒரு திங்கள் பயணங்களைக் குறித்து, அளவுகோலை எடுத்து, முதியவரை ஏற்றிப் பார்த்து, அதன்பின் விடை கூறுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் பெரியோர். வண்டிக்குப் போடும் பணத்தையும் அளந்தே போடுவோம்.